பே ஸ்லிப்பை எடுத்து வையுங்கள், தம்பி

(தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாற்பது ஆண்டுக்கு மேல் எலக்ட்ரீஷியனாகவும் பல காலம் ஷாப் ஸ்டூவர்டாகவும், அதாவது வேலையிடத்தில் யூனியன் பிரதிநிதியாகவும், இருந்து ஓய்வு பெற்றவர், வேலை, சம்பளம், சட்டம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு மாதம் ஒருமுறை பதில் சொல்கிறார்.)

இந்த மாதம் நான்கு கடிதங்களை எடுத்திருக்கிறேன். நான்கும் யூனியன் பற்றியவை. நான் தேடி எடுக்கவில்லை, அப்படி வந்து விழுந்தன. முதல் கடிதத்துக்குத்தான் நீளமான பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அண்ணா, எனக்கு 27 வயது. ட்ரேட் டெஸ்ட் முடித்த எலக்ட்ரீஷியன். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு கான்ட்ராக்டரிடம் நான்கு வருடமாக இருக்கிறேன். மொத்தம் 14 பேர். போன மாதம் என் கூட வேலை செய்பவரிடமிருந்து ஒரு மெகர் (வயரின் மின்காப்பைச் சோதிக்கும் கருவி) காணாமல் போனது. முதலாளி ஒரே மாதத்தில் அவர் சம்பளத்தில் பாதியைப் பிடித்துவிட்டார். அப்போதுதான் யூனியனில் சேரலாமா என்று பேச்சு எடுத்தேன். "உன் பே ஸ்லிப்பில் மாதாமாதம் கவுன்சிலுக்குப் பிடிக்கிறோமே, அதுதான் உன் யூனியன்" என்கிறார் முதலாளி. "யூனியன்காரன் சந்தாவைத் தின்றுவிட்டுப் போய்விடுவான்" என்கிறார் அப்பா. சேர்ந்தால் வேலை போகுமா?
— பெயர் வேண்டாம், சாட்ஸ்வொர்த்

பதில்: கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. "அண்ணா" என்ற ஒரு சொல் மட்டும் தமிழில், அதுவும் கொஞ்சம் கோணலாக. பரவாயில்லை தம்பி, உங்கள் அப்பாவைவிட நான் மூத்தவனாகத்தான் இருப்பேன். அண்ணா என்று எழுதியதற்காகவே முதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் பே ஸ்லிப்பை எடுத்து மேசை மேல் வையுங்கள். உங்கள் முதலாளி சொன்னது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், முதலாளிகளில் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கவுன்சில் என்பது மின்தொழிலுக்கான தேசிய பார்கெயினிங் கவுன்சில். ஒரு பக்கம் கான்ட்ராக்டர்களின் சங்கம், மறு பக்கம் தொழிலாளர் சங்கம், நடுவில் ஒரு மேசை. அந்த மேசையை நடத்துகிற செலவுக்குத்தான் உங்களிடமும் முதலாளியிடமும் லெவி பிடிக்கிறார்கள். அங்கே முடிவாகிற ஒப்பந்தத்தை அமைச்சர் அரசிதழில் போட்டுத் தொழில் முழுவதற்கும் விரித்துவிடுவார். யூனியனில் இல்லாத உங்களுக்கும் அந்தக் குறைந்தபட்சக் கூலி கிடைப்பது அப்படித்தான். ஆக, மேசைக்கு வாடகை கட்டுகிறீர்கள். அங்கே உட்காருபவர் உங்களுக்காக என்ன கேட்க வேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் உங்களுக்கு இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். லெவிக்குக் கீழே ஏஜென்சி கட்டணம் என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறதா? பெரும்பான்மை உள்ள சங்கம் முதலாளிகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, உறுப்பினர் அல்லாதவர்களிடமும் ஒரு தொகை பிடிக்கலாம் என்று 1995ஆம் ஆண்டு தொழிலாளர் உறவுச் சட்டம் இடம் தருகிறது. அது சந்தாவுக்கு மேல் போகக் கூடாது. உங்களைச் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அப்படி ஒரு வரி உங்கள் சீட்டில் இருந்தால், நீங்கள் கிட்டத்தட்ட சந்தா கட்டிக்கொண்டே ஓட்டு இல்லாமல் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகும் சேராமல் இருப்பது உங்கள் இஷ்டம்.

மெகர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன், அதற்கு யூனியன்கூடத் தேவையில்லை. பொருள் தொலைந்ததற்கு முதலாளி சம்பளத்தில் கை வைக்க வேண்டுமானால், அது அந்த ஆளின் தவறால்தான் தொலைந்தது என்று காட்ட வேண்டும். அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். அவர் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். இவ்வளவும் நடந்த பிறகும் பிடிப்பது பணச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. 1997ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு அது. பாதிச் சம்பளம் என்பது எந்தக் கணக்கிலும் வராது. உங்கள் நண்பரைப் பே ஸ்லிப்போடு கவுன்சில் ஆபீசுக்குப் போகச் சொல்லுங்கள். கூட நீங்களும் போங்கள். தனியாகப் போகிறவன் வாசலிலேயே திரும்பிவிடுவான்.

இப்போது உங்கள் அப்பா. அவரைத் திட்டச் சொல்லி என்னிடம் கேட்காதீர்கள், மாட்டேன். அந்தத் தலைமுறை யூனியனைப் பார்த்த விதம் வேறு. என் பெரியப்பா ஒரு மரச்சாமான் ஆலையில் இருந்தார். ஒவ்வொரு மாதமும் சந்தாச் சீட்டை மடித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். 1956ஆம் ஆண்டுத் தொழில் சமரசச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. பல இனத்தவரும் இருக்கிற சங்கம் என்றால் இனத்துக்கு ஒரு கிளை, தனித்தனிக் கூட்டம். ஆனால் நிர்வாகக் குழுவில் வெள்ளையர் மட்டும். பெரியப்பாவின் சந்தாவை வாங்கிக்கொள்வார்கள், அவரை நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். ஜூலு தொழிலாளிகளின் நிலைமை அதைவிட மோசம். கறுப்பர்கள் கையோடு வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டான பாஸ் புத்தகம் வைத்திருந்தவன் சட்டத்தின் கண்ணில் "தொழிலாளி"யே இல்லை. அந்தச் சொல்லுக்குள் அவர்களும் வர 1979 ஆனது. பெரியப்பா இறந்த பிறகு அந்த டின்னைத் திறந்தோம். அத்தனை சீட்டும் இருந்தது. அவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்று பெரியம்மா கேட்டபோது வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் 1973ஐயும் உங்கள் அப்பாவுக்கு ஞாபகப்படுத்துங்கள். ஜனவரி 9ஆம் தேதி விடியற்காலை கொரோனேஷன் செங்கல் ஆலையில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வேலைக்கு இறங்கவில்லை. வாரக் கூலி பத்து ராண்டுக்கும் கீழே இருந்தது, அவர்கள் முப்பது கேட்டார்கள். பிறகு நெசவாலைகள், பிறகு முனிசிபாலிட்டி. எனக்கு அப்போது 15 வயது. அம்மா வேலை செய்த மில்லின் கேட்டுக்கு வெளியே நம் பெண்களும் ஜூலு பெண்களும் கலந்து நின்றதை ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் "வீட்டுக்குப் போ" என்று கையைக் காட்டினாள். நான் போகவில்லை. இன்று நாம் சாதாரணமாக யூனியன் என்று சொல்கிற அமைப்புகளில் பல, அந்த வருடத்துக்குப் பிறகு முளைத்தவை. தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான கொசாட்டு 1985 டிசம்பரில் பிறந்ததும் இதே டர்பனில்தான்.

சரி, வேலை போகுமா?

சட்டம் சொல்வது இது. யூனியனில் சேர்ந்தாய் என்று ஒருவரை நிறுத்துவது, எந்தச் சாக்கும் செல்லாத, தானாகவே அநியாயமாகிவிடுகிற நீக்கம். நிரூபணமானால் வேலையைத் திரும்பக் கொடுக்கவோ, 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்கவோ உத்தரவிடலாம். மற்ற அநியாய நீக்கங்களுக்கு உச்சம் 12 மாதம்தான், இதற்கு இரட்டிப்பு. "யூனியனில் சேர மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு வேலைக்கு வைப்பதும் செல்லாது. நீக்கினால் 30 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். கவுன்சில் இல்லாத தொழிலில் இருப்பவர்கள், வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சிசிஎம்ஏவுக்குப் போவார்கள், உங்கள் தொழிலில் கவுன்சிலுக்கே போக வேண்டும். புகார் கொடுக்கக் காசு இல்லை.

நடைமுறை சொல்வது வேறு. எந்த முதலாளியும் கடிதத்தில் "யூனியனில் சேர்ந்ததால்" என்று எழுத மாட்டார். "தாமதமாக வருகிறான்", "வேலை மெதுவாகச் செய்கிறான்", "ஆர்டர் இல்லை" என்றுதான் எழுதுவார். அதனால்தான் தனியாகச் சேராதீர்கள் என்கிறேன். நீங்கள் 14 பேர். அதில் பத்துப் பேர் ஒரே சங்கத்தில் சேர்ந்தால் பெரும்பான்மையும் வந்துவிடும், உங்களுக்குள்ளேயே ஒரு ஷாப் ஸ்டூவர்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வந்துவிடும். பத்துப் பேர் இருந்தால் ஒருவர். பதினோராவது ஆள் கையெழுத்துப் போட்டால் இரண்டு பேர். அந்தப் பதினோராவது ஆளைப் பிடிக்க நாங்கள் ஒரு முறை மூன்று வெள்ளிக்கிழமை பன்னி சவ் வாங்கிக் கொடுத்தோம். ஆட்டுக்கறி, கால் ரொட்டி. கடைசியில் அவர் சங்கத்தின் ஃபுனரல் பாலிசிக்காகத்தான் (சாவுச் செலவுக் காப்பீடு) சேர்ந்தார். அதுவும் சேர்வதற்கு ஒரு காரணம்தான், நான் சிரிக்க மாட்டேன். பதினாறாம் நாள் காரியம் வரை ஆகிற செலவு என்ன என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம்தான். எம்.எல். சுல்தான் டெக்கில் தியரி படித்து, அப்ரண்டிஸ் முடித்து, எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். 1988. எனக்கு முப்பது. ஒரு தொழிற்சாலையில் ஷட்டவுன் வேலை. மின்சாரத்தைத் துண்டிக்கிற ஐசொலேட்டர் ஸ்விட்சை இறக்கினேன், எச்சரிக்கை டேக் மாட்டினேன், யாரும் அதைத் திரும்ப ஏற்றாதபடி பூட்டுப் போடவில்லை. எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்துக் கம்பெனி கொடுத்திருந்தது ஒரே ஒரு பூட்டு, அது வேறு போர்டில் இருந்தது. ஸ்டோரிலிருந்து வந்த ஒருவர் டேக்கைப் படிக்காமல் ஸ்விட்சை ஏற்றிவிட்டார். என் உதவியாளரின் உள்ளங்கை வெந்து போயிற்று. உயிர் தப்பினார். 380 வோல்ட், தம்பி. அந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விபத்து. வியாழக்கிழமை என் பெயருக்கு விசாரணை நோட்டீஸ். அன்று மாலையே டவுனுக்கு ஓடி யூனியன் ஆபீசில் நின்றேன். அதுவரை எத்தனையோ பேர் கூப்பிட்டும் "எனக்கு எதற்கு" என்று சொன்னவன் நான். ஆர்கனைசர் ஒரு பருமனான ஜூலுக்காரர். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ கொடுத்தார். படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "உன் உறுப்பினர் கணக்கு இன்றைக்குத் தொடங்குகிறது. உன் தொல்லை செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டது." விசாரணைக்கு அவர் வரவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணி வரை என் கூட உட்கார்ந்து வாக்குமூலம் எழுத உதவினார். அவர் கேட்ட முதல் கேள்வி: "பூட்டு போதவில்லை என்று இதற்கு முன்னால் எங்கேயாவது எழுதிக் கொடுத்திருக்கிறாயா?" இல்லை. வாயால் பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன், எழுத்தில் ஒரு வரி கிடையாது. கடைசி எச்சரிக்கைக் கடிதத்தோடு தப்பினேன். உதவியாளர் ஆறு வாரம் கழித்து வேலைக்கு வந்தார். என்னோடு பேச அவருக்கு இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது.

மூன்று வருடம் கழித்து என்னை ஸ்டூவர்டாகத் தேர்ந்தெடுத்தார்கள். நான் கேட்டு வாங்கிய முதல் விஷயம் கூலி உயர்வு அல்ல. இருபத்து நான்கு பூட்டு. சிவப்புப் பூட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி, அதுவும் ஒன்றே ஒன்று, ஒவ்வொன்றிலும் ஆளின் பெயர். நிர்வாகம் நான்கு கூட்டம் வரை இழுத்தது. பூட்டு விலை அவர்கள் கூட்டத்துக்கு வாங்கிய சமோசா விலைகூட இருந்திருக்காது.

அதனால் தம்பி, மெகர் தொலைந்த பிறகு சேரலாமா என்று யோசிக்கிறீர்கள், நல்லது. அடுத்தது தொலைவதற்கு முன்னால் சேர்ந்துவிடுங்கள்.

எந்தச் சங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற சங்கத்துக்காரர்கள் என் வீட்டுக் கேட்டில் நிற்பார்கள். கவுன்சில் ஒப்பந்தத்தில் தொழிலாளர் பக்கம் கையெழுத்திடுவது சேவா என்கிற சங்கம். உலோகத் தொழிலாளர் சங்கமான நும்சாவும் நம் தொழிலில் ஆள் சேர்க்கிறது. 1987இல் தொடங்கிய சங்கம், 2014இல் கொசாட்டுவிலிருந்து வெளியேற்றப்பட்டது. அந்தச் சண்டை உங்களுக்கு வேண்டாம். உங்கள் பக்கத்து சைட்டுகளில் எந்த ஆர்கனைசர் போன் எடுக்கிறார் என்று விசாரியுங்கள். என் அனுபவத்தில் கொடியின் நிறத்தைவிட அதுதான் முக்கியம்.

சேரும்போது தருவது ஒரு ஸ்டாப் ஆர்டர் படிவம். அதில்தான் சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கச் சம்மதிக்கிறீர்கள். சில சங்கம் சதவீதமாக வாங்கும், சில சங்கம் மாதம் இவ்வளவு என்று வாங்கும். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பிடித்த பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாமல் வைத்துக்கொண்ட ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சங்கத்தில் கேட்டுச் சரிபாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஒரு மாத எழுத்து நோட்டீசில் விலகிவிடலாம். உங்கள் அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டாம்ப், லெட்டர்ஹெட் எல்லாம் வைத்துக்கொண்டு "லேபர் கன்சல்டன்ட்" என்று சிலர் சுற்றுகிறார்கள். முன்பணம் வாங்குவார்கள். சிசிஎம்ஏவில் உங்களுக்காகப் பேச, பதிவு பெற்ற சங்கத்தின் ஆளுக்கு இடமுண்டு, வக்கீலுக்குச் சில வழக்குகளில் இடமுண்டு. இவர்களுக்கு இடமில்லை. பணம் கொடுத்த பிறகு கதவுக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் தென்காசிக்காரன். அப்பிங்டன் பக்கம் ஒரு சோலார் பிளான்டில் ஏழு மாதமாக வேலை. இங்குள்ள ஒரு ஏஜென்சி மூலம் வந்தேன், சம்பளம் அவர்கள்தான் போடுகிறார்கள். வேலை வாங்குவது வேறு கம்பெனி. பாஸ்போர்ட் ஏஜென்சி ஆபீசில் இருக்கிறது, "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாவில் வந்த நான் இங்கே யூனியனில் சேரலாமா?
— வாசகர், வட கேப் மாகாணம்

பதில்: சேரலாம். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு "ஒவ்வொரு தொழிலாளிக்கும்" என்று சொல்கிறது, "ஒவ்வொரு குடிமகனுக்கும்" என்று சொல்லவில்லை. வேலை அனுமதி காலாவதியான ஒருவர்கூடத் தொழிலாளர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான் என்று 2008இலேயே தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்களிடம் விசாவும் இருக்கிறது.

ஏழு மாதம் என்று எழுதியதைக் கவனித்தேன். ஏஜென்சி மூலம் வந்தவர், சட்டம் வைத்திருக்கிற சம்பள வரம்புக்குக் கீழே வாங்குபவர், ஒரே இடத்தில் மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டால், தொழிலாளர் உறவுச் சட்டத்துக்கு வேலை வாங்குகிற கம்பெனியே அவருடைய முதலாளி. ஒருவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்திருந்தால் கணக்கு வேறு. இதை 2018 ஜூலையில் அரசியல் சட்ட நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கை நடத்தி ஜெயித்தது நும்சாதான். உங்கள் பக்கத்தில் அதே வேலை செய்கிற உள்ளூர்க்காரருக்கு என்ன கூலியோ, காரணம் இல்லாமல் அதற்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. அவர் பே ஸ்லிப்பை ஒரு நாள் பார்க்கக் கேளுங்கள்.

பாஸ்போர்ட்டை வாங்குங்கள். அது உங்களுடையதுகூட இல்லை, இந்திய அரசின் சொத்து. ஏஜென்சிக்கு அதில் என்ன வேலை? எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதும், பதிலைப் படம் எடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தரவில்லை என்றால் பிரிட்டோரியாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன், டர்பன் மூன்றிலும் துணைத் தூதரகம் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் விசா இந்த வேலையோடு கட்டப்பட்டதாக இருந்தால், வேலை போகும்போது அதுவும் ஆட்டம் காணும். வழக்கில் ஜெயிப்பது ஒன்று, ஜெயிக்கும் வரை இங்கே இருப்பது வேறொன்று. அதனால் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு, உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து சேருங்கள், முன்னால் நிற்கிற முதல் ஆளாக வேண்டாம். வீரம் பேசி உங்களை ஏற்றிவிட்டு நான் இங்கே டர்பனில் டீ குடித்துக்கொண்டிருப்பது சரியில்லை.

அப்புறம் தொழில் விஷயம் ஒன்று. நான் பழகியது ஏசி. ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டினால் அந்தப் பக்கம் செத்துவிடும், டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டு கை வைக்கலாம். உங்கள் பேனல் அப்படியில்லை. வெயில் இருக்கிற வரை, பேனல்களை வரிசையாகக் கோத்த ஸ்ட்ரிங்கில் டிசி இருக்கும், சூரியனுக்குப் பூட்டுப் போட முடியாது. வட கேப் வெயிலில் தண்ணீரும் நிழலும் சரியான கையுறையும் கேட்பதற்கே ஒரு யூனியன் வேண்டும் என்று தோன்றுகிறது.

கேள்வி: யூனியனில் சேர்ந்தால் ஸ்ட்ரைக்குக்குப் போயே ஆக வேண்டுமா? அரசு மின் நிறுவனமான எஸ்காமில் ஸ்ட்ரைக் செய்யவே கூடாது என்கிறார்களே?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இரண்டும் வேறு வேறு. மின்சாரம் உற்பத்தி செய்து அனுப்புகிற வேலை அத்தியாவசியச் சேவை. அங்கே ஸ்ட்ரைக் கிடையாது, தகராறு மத்தியஸ்தத்துக்குப் போகும். 2022 ஜூனில் அதையும் மீறி வேலை நின்றபோது ஆறாம் கட்ட லோட் ஷெட்டிங் வந்தது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். என் மகள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த கருவேப்பிலை முழுவதும் அழுகியது அப்போதுதான்.

கட்டடங்களுக்கு வயர் இழுக்கிற கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு அந்தத் தடை இல்லை. சமரசப் பேச்சு தோற்க வேண்டும், சங்கம் ரகசிய ஓட்டு எடுக்க வேண்டும், 48 மணி நேர நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஸ்ட்ரைக் செய்ததற்காக உங்களை நீக்க முடியாது. அந்த நாளைக்குச் சம்பளமும் கிடையாது. நான் நாற்பது ஆண்டில் ஐந்து ஸ்ட்ரைக் பார்த்திருக்கிறேன். மீதி நாளெல்லாம் படிவம், கூட்டம், பூட்டு, கழிப்பறை.

கேள்வி: தம்பிக்கு ஆசி. எனக்கு 76 வயது. என் பேத்தி எலக்ட்ரிக்கல் அப்ரண்டிஸ், இரண்டாம் வருடம். முப்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். காலையில் தண்ணீர் குடிக்காமல் போகிறாள், கேட்டால் சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்கிறாள். இப்போது சனிக்கிழமை யூனியன் கூட்டத்துக்கும் போக ஆரம்பித்திருக்கிறாள். பயிற்சியில் இருப்பவள் சேரலாமா? நம் குடும்பத்தில் பெண்கள் யாரும் வம்புக்குப் போனதில்லை.
— ஓர் ஆயா, டோங்காட்

பதில்: அக்கா, உங்கள் கையெழுத்தைப் பார்த்து அசந்துபோனேன். ஊதா மை, சாய்வில்லாத எழுத்து, எந்தத் தமிழ்ப் பள்ளியில் படித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

பேத்தி தாராளமாகச் சேரலாம். அப்ரண்டிசுக்கு வேலை ஒப்பந்தம் உண்டு, ஒப்பந்தம் இருந்தால் அவளும் தொழிலாளிதான். சனிக்கிழமை அவள் போவது ஒருவேளை அந்தக் கழிப்பறைக்காகவே இருக்கலாம். கட்டுமான விதிகள் 2014ஆம் ஆண்டு வந்தவை. ஒவ்வொரு பாலினருக்கும் தனியாக, முப்பது தொழிலாளிக்கு ஒன்று என்ற கணக்கில் கழிப்பறை இருக்க வேண்டும், உடை மாற்ற இடமும் தனியாக இருக்க வேண்டும் என்று அவற்றில் எழுதியிருக்கிறது. "ஒரே ஒரு பெண்தானே" என்பது அந்த விதியில் இல்லை. முப்பது ஆண்களில் ஒரு ஸ்டூவர்ட் இருந்தால் இதை அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவள் கேட்கட்டும். எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், தேதி போட்டு. தண்ணீரும் குடிக்கச் சொல்லுங்கள், சிறுநீரகம் யூனியன் கூட்டம் முடியும் வரை காத்திருக்காது.

குடும்பத்தில் பெண்கள் வம்புக்குப் போனதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் ஆயாவின் ஆயாவிடம் கேட்டுத்தான் உறுதி செய்ய முடியும். 1913இல், ஒப்பந்தக் கூலிக்காலம் முடித்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரிக்கு எதிராக டிரான்ஸ்வாலிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் இடுப்பில் குழந்தையோடு. நியூகாசில் சுரங்கத்து லைன்களில் வீடு வீடாகப் போய், வேலையை நிறுத்துங்கள் என்று பேசினார்கள். ஆண்கள் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தது அதற்குப் பிறகுதான்.

பிறந்தநாளுக்கு அவளுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாகக் கேட்டிருந்தீர்கள். வளையல் வேண்டாம், வேலை நேரத்தில் கழற்றி வைக்க வேண்டும். அந்த இருபத்து நான்கு சிவப்புப் பூட்டில் என் பெயர் போட்டது ஒன்று என்னிடம் இருக்கிறது. பெயரைச் சுரண்டிவிட்டு அவள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அடுத்த மாதம் டோங்காட் கோயிலுக்கு வரும்போது எடுத்து வருகிறேன். சாவி ஒன்றுதான், தொலைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.